கருத்துக் கேட்புக் கூட்டங்களில் மக்கள் தொடர்பு அலுவலரின் பணி: உங்கள் அனுபவங்கள்

நெய்தல்:
கடலோர அனல்மின் திட்டமொன்றுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தரும் முன் ஊர்மக்களின் கருத்தைக் கேட்கும் கூட்டத்துக்கு நிறுவனத்தின் மக்கள் தொடர்புப் பிரிவிலிருந்து சென்றிருந்தேன். பந்தல், ஆட்சியர், வீடியோப் பதிவு எல்லாம் நீங்கள் அறிந்தவைதாம். மீன் விற்கும் அம்மா ஒருவர் எழுந்து வந்து, வரைபடத்தில் மின்நிலையத்தின் வெந்நீர்க் குழாய் கடலில் முடியும் இடத்தில் விரலை வைத்து, “எங்க வீட்டுக்காரர் கரைவலை இழுக்கிற இடம் இதுல எங்க இருக்கு, காட்டுங்க சார்” என்றார். கடற்பகுதி முழுவதும் வெறும் நீல நிறம். ஓர் ஊர்ப்பெயர்கூட இல்லை. நிறுவனத்தின் சுற்றுச்சூழல் ஆலோசகரோ, வெளியேறும் நீரின் வெப்பம் கடல்நீரைவிட 7 டிகிரி செல்சியசுக்கு மேல் உயராது என்று விளக்கத் தொடங்கினார். அவர் பேசி முடிக்கும்வரை அந்த அம்மா விரலை எடுக்கவில்லை.

கல்குவாரிக்காரன்:
ஆலோசகரைக் குறை சொல்வதை என்னால் ஏற்க இயலவில்லை. கேட்காத கேள்விக்கு அவர் பதில் சொன்னார் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கேள்வியை முன்கூட்டியே அவரிடம் கொண்டு சேர்த்திருக்க வேண்டியவர் யார்? எங்கள் குவாரிக் கூட்டத்திலும் வெடி வைக்கும் நேரத்தை ஒரு பள்ளி ஆசிரியர் கேட்டபோது மேடையில் ஒருவருக்கும் தெரியவில்லை. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன் நாளிதழ்களில் அறிவிப்பு வெளியிட வேண்டும் என்கிறது. அந்த நாட்களில் துண்டறிக்கை அச்சடிப்பதை விட்டுவிட்டு, ஊர்த் தலைவரோடு நின்றுவிடாமல், ஏலக்கூடத்துப் பெண்களிடமும் வலை பின்னுகிறவர்களிடமும் சென்று, அவர்கள் சொல்லும் இடப்பெயர்களை வரைபடத்தில் குறித்து, பொறியாளரின் மேசைக்குக் கொண்டுபோக வேண்டும். பொறியாளர் சொல்லும் பதில் கசப்பாக இருந்தாலும் அதைத் திருப்பிக் கொண்டுவந்து சொல்லவும் வேண்டும். (தொப்பியும் சாப்பாட்டுப் பொட்டலமும் கொடுப்பதற்கு ஓர் அலுவலர் தேவையில்லை.)

வாடைக்காற்று:
அறிவுரை சரி, ஆனால் குழாய் எங்கே முடியும் என்பதைக் கூட்டத்துக்கு வெகுநாள் முன்பே முடிவுசெய்துவிட்டு, “போய்ப் புரிய வையுங்கள்” என்று அனுப்பும் நிர்வாகத்தை நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை. நான் பார்த்த கூட்டமொன்றில், விதிப்படி இறுதியில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்தபோது, “மீனவர்கள் வாழ்வாதாரம் குறித்துக் கேட்டனர்” என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். பெரியவர் ஒருவர் எழுந்து, “நான் கேட்டது அது இல்லீங்க, படகுக்கு வழி விடுவீங்களான்னு கேட்டேன்” என்றார். நிறுவனத்தின் மக்கள் தொடர்பு அலுவலர் அவர் சொன்னதை அப்படியே தம் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். அதைப் பார்த்தே குறிப்பைத் திருத்தினார்கள். மேலாளர் அந்த அலுவலரை முறைத்ததையும் பார்த்தேன்.