தாய்க்குதிரைக்கு உடம்பு மோசம், குட்டிக்குப் புட்டிப்பால் எப்படி?

கேள்வி: குட்டி பிறந்து 2 நாள், 35 கிலோ. சீம்பால் குடித்தது. இப்போது தாய்க்குக் கடும் காய்ச்சல், மடி வற்றிவிட்டது. பசும்பால் கொடுக்கலாமா?

பதில்: அப்படியே கொடுக்காதீங்க. கொழுப்பு அதிகம், இனிப்பு குறைவு, கழியும். 2 சதவீதக் கொழுப்புள்ள பால் 1 லிட்டருக்கு 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் சர்க்கரை) கலக்குங்க. வீட்டுச் சர்க்கரை மட்டும் வேண்டாம், குட்டிக்குச் செரிக்காது. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை 400 மில்லி, வெதுவெதுப்பாக. ராத்திரியும்தான், தூக்கம் போச்சு!

பதில்: ஆட்டுப்பால் கிடைத்தால் எதுவும் கலக்கத் தேவையில்லை. புட்டியைத் தாயின் மடி உயரத்தில் பிடிங்க சார். தலையை அண்ணாத்தி ஊட்டினால் பால் நுரையீரலுக்குப் போகும். மூக்கில் பால் வழிந்தால் உடனே நிறுத்துங்க. சப்பாத குட்டிக்கு வாயில் ஊற்றாதீங்க. டாக்டர் குழாய் போடட்டும்.

பதில்: சீம்பால் குடித்ததாலேயே நம்பிவிட முடியாது. ரத்தத்தில் ஐஜிஜி (சீம்பாலில் இருந்து வரும் நோய் எதிர்ப்புச்சத்து) அளவு பாருங்க. டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் பிளாஸ்மா (ரத்தத்தின் திரவப் பகுதி) ஏற்றுவது பற்றி டாக்டரிடம் கேளுங்க. 24 மணி நேரம் தாண்டிய குடல் சீம்பாலின் எதிர்ப்புச்சத்தை உறிஞ்சாது.