பழைய மின்கார் பேட்டரியை வீட்டு சோலாருக்குக் கட்டும்போது: 14 செல்லா, 16 செல்லா?

நிசான் லீஃப் 24 கிலோவாட் அவர் பேக்கில் 48 மாட்யூல். ஒரு மாட்யூலில் நாலு செல்: இரண்டிரண்டாகப் பேரலல், அந்த ஜோடிகள் சீரிஸ். 48 வோல்ட் இன்வெர்ட்டருக்கு ஏழு மாட்யூல் சீரிஸில் போதும்; பேரலல் ஜோடியை ஒரு செல்லாக எண்ணினால் 14 செல் ஆகிவிடும். எட்டு போட்டு 16 ஆக்கிவிடாதீர்கள். 16 என்பது எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) செல்லுக்கான கணக்கு. லீஃப் செல் 4.2 வோல்ட் வரை ஏறும். 16 சேர்ந்தால் 67.2. 60 வோல்ட்டோடு நிற்கும் இன்வெர்ட்டரில் மாஸ்ஃபெட் (கரண்ட்டை ஸ்விட்ச் செய்யும் டிரான்சிஸ்டர்) போய்விடும். 14 செல்லை ஏற்றும்போது 57.4 வோல்ட்டில் நிறுத்தி, இறங்கும்போது 46.2-இல் வெட்டுங்கள், செல் நெடுநாள் உழைக்கும்.

*

இதோடு இன்வெர்ட்டரில் ஈக்வலைஸ் செட்டிங்கையும் அணைத்துவிடுங்கள். அது லெட் ஆசிட்டுக்கானது, லித்தியத்தை எல்லை தாண்டி ஏற்றிவிடும்.

*

மாட்யூல் பொறுக்குவதில்தான் பொறுமை வேண்டும். எல்லாவற்றையும் ஒரே வோல்ட்டேஜுக்கு ஏற்றி, இரண்டு வாரம் தனித்தனியாக வைத்து மறுபடி அளந்து பாருங்கள். மற்றவற்றைவிட 20 மில்லிவோல்ட்டுக்கு மேல் இறங்கியதை ஒதுக்கிவிடுங்கள்; உள்ளே கசிவு இருக்கிறது. கெபாசிட்டியையும் டிஸ்சார்ஜ் செய்து பார்க்க வேண்டும். சீரிஸில் ஒரு மாட்யூல் 40 ஆம்பியர் அவர் என்றால், மற்றவை 55 இருந்தாலும் மொத்த வரிசைக்கும் கிடைப்பது 40தான். உள்ளே இருப்பவை பௌச் செல், உப்பும். பழைய எண்ட் பிளேட்டுகளைத் தூக்கிப் போடாமல் மாட்யூல்களை இறுக்கிக் கட்ட வைத்துக்கொள்ளுங்கள்.

பேக்கைத் திறக்குமுன், அதை நடுவில் இரண்டாகத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். கழற்றிய பிறகும் இரு பாதியிலும் உயிரை எடுக்கும் வோல்ட்டேஜ் இருக்கும். 1000 வோல்ட் கையுறை இல்லாமல் தயவுசெய்து கை வைக்காதீர்கள்.

*

பிஎம்எஸ்ஸுக்கு (செல்களைக் கண்காணிக்கும் போர்டு) வோல்ட்டேஜ் அளக்கும் சென்ஸ் வயர் மாட்யூலின் நடு டெர்மினலிலிருந்தும் வர வேண்டும். கனெக்டரைச் செருகுமுன், மீட்டரின் கறுப்பு முனையை மெயின் நெகட்டிவில் வைத்து, சிவப்பு முனையால் பின் பின்னாகத் தொட்டுப் போங்கள்: 3.8, 7.6, 11.4 என்று ஒரே சீராக ஏற வேண்டும். 7.6-க்கு அடுத்து 15.2 வந்து, பிறகு 11.4-க்கு இறங்கினால் இரண்டு வயர் இடம் மாறியிருக்கிறது. அப்படியே செருகினால் போர்டு கருகும்.

இன்வெர்ட்டரை நேரடியாக இணைத்தால் கெபாசிட்டர்கள் ஒரே நொடியில் இழுக்கும் கரண்ட்டில் பிரேக்கர் முனை தீய்ந்துவிடும். 50 ஓம், 25 வாட் ரெசிஸ்டர் வழியாக ஐந்து நொடி ஏற்றிவிட்டு மெயினைப் போடுங்கள். 5 கிலோவாட் லோடுக்கு, இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்து, 46 வோல்ட்டில் சுமார் 117 ஆம்பியர் ஓடும். 150 ஆம்பியர் கிளாஸ் டி (Class T) ஃப்யூஸ், 50 சதுர மில்லிமீட்டர் காப்பர் கேபிள் போடுங்கள். ஃப்யூஸ் பேட்டரி பாசிட்டிவை ஒட்டியே இருக்கட்டும்.