இஃஜாஸ்: ‘ஒப்பின்மை’ போதுமா?

அன்பு நண்பர்களே,

குர்ஆனுக்கு ஈடாக யாராலும் செய்ய முடியாது என்ற கருத்தைக் குறிக்கும் அரபுச் சொல் ‘இஃஜாஸ்’. அதற்குத் தமிழில் ‘ஒப்பின்மை’ என்று நேற்று ஏறக்குறைய முடிவு கட்டிவிட்டீர்கள். கீழக்கரையில் இந்தச் சொல்லைக் காதில் கேட்டே வளர்ந்த என்னால் அதை ஏற்க முடியவில்லை.

‘அஜ்ஸ்’ என்றால் இயலாமை. இஃஜாஸ், எதிராளியை இயலாதவராக்குவது. நம் பக்கத்துப் பெரியவர்கள் நபிமார்களின் அற்புதங்களைச் சொல்லும் ‘முஃஜிஸாத்’தும் இதே வேர்தான். இதுபோல் ஓர் அத்தியாயம் கொண்டுவாருங்கள் என்று குர்ஆன் அறைகூவுகிறது (2:23). ஆகச் சிறிய ‘கவ்ஸர்’ அத்தியாயத்துக்கு மூன்றே வசனம். ஓதப்பள்ளிப் பிள்ளை ஒரே மூச்சில் ஓதிவிடும். அந்த அளவுகூட எவராலும் ஈடாகச் செய்ய முடியாது, ஆகவே இது இறைவனிடமிருந்து வந்தது என்பதே வாதம்.

‘ஒப்பின்மை’ இதில் பாதியைத்தான் சொல்லும். கம்பனுக்கும்தான் ஒப்பில்லை, அதனால் அவன் பாட்டு வஹீ, அதாவது இறைச்செய்தி, என்று யாரும் சொல்வதில்லை. இதுவரை யாரும் செய்யவில்லை என்பது ஒன்று, யாராலும் செய்ய முடியாது என்பது வேறொன்று. முன்னதை ‘நிகரின்மை’ என்போம். பின்னதுக்கு என் பரிந்துரை ‘நிகரியலாமை’. முதலதிலிருந்து இரண்டாவதுக்கு எப்படிப் போகிறார்கள், ஈடா இல்லையா என்று தீர்ப்பவர் யார், எந்த அளவுகோலால் என்ற கேள்விகளெல்லாம் இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில்தான் கிடக்கின்றன. ஒரே சொல்லைப் போட்டு மூடினால் கேள்வியே தெரியாமல் போய்விடும்.

‘தெய்வீக ஒப்பின்மை’ என்று வைத்தால் இன்னும் மோசம். நிறுவ வேண்டியதைப் பெயரிலேயே வைத்துவிடுகிறது. நான் இந்த வேதத்தை நம்புகிறவன். அதனாலேயே தராசுத் தட்டில் என் விரல் பட்டுவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. 9ஆம் நூற்றாண்டில் முஃதஸிலா என்ற இறையியல் பிரிவைச் சேர்ந்த நஸ்ஸாம், மனிதர் முயலாதபடி இறைவனே அவர்களைத் திருப்பிவிட்டான் என்றார். இதுதான் ‘ஸர்ஃபா’. இவர் கருத்தில் இயலாமை உண்டு, ஆனால் அது நடையின் சிறப்பால் வந்ததல்ல. ‘ஒப்பின்மை’ என்றால் இவர் வெளியே நிற்க வேண்டியதுதான். ‘நிகரியலாமை’யில் இவருக்கும் இடம் இருக்கிறது, 11ஆம் நூற்றாண்டு அரபு இலக்கண அறிஞர் ஜுர்ஜானிக்கும் இருக்கிறது. ஜுர்ஜானியின் முக்கியச் சொல் ‘நழ்ம்’, அதாவது மணிகளைக் கோப்பது. சிறப்பு தனிச்சொல்லில் இல்லை, இலக்கணப்படி ஒன்றோடொன்று இணைவதில் இருக்கிறது என்றார். உம்மா அறுந்த பாசிமாலையைக் கோக்கும்போது பார்த்திருக்கிறேன்: மணிகள் அதே மணிகள்தான், ஒன்று இடம் மாறினாலும் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து கோப்பார். இதற்கு ‘தொடை’ வேண்டாம், எதுகை மோனையோடு குழம்பும். ‘சொற்கோப்பு’ சரியாக வரும்.

‘அறிவியல் இஃஜாஸ்’ என்று இப்போது பரவலாகப் பேசப்படுவதை இதே சொல்லில் அடைக்க வேண்டாம். அங்கே நிகர் செய்யும் பேச்சே இல்லை. அந்தக் காலத்தில் இதை மனிதர் அறிந்திருக்க முடியாது என்பதுதான் அங்கே வாதம். ‘முன்னறிவு வாதம்’ என்று தனியாகப் பெயரிடலாம். இரு கடல்கள் சந்திக்கின்றன, நடுவே மீறாத் தடுப்பு என்ற வசனத்துக்கு (55:19-20) தனுஷ்கோடியைக் கைகாட்டிப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அந்த முனையில் நின்றால் ஒரு பக்கம் பெண்கடல் அடங்கிக் கிடக்கும், மறுபக்கம் ஆண்கடல் அறையும். மெய்சிலிர்க்கும் காட்சிதான். ஆனால் அந்தப் பெயர்களை வைத்தவர்கள் நம் மீனவர்கள். கண்ணால் பார்த்து, துடுப்பால் உணர்ந்து வைத்த பெயர்கள். வாடைக்காலத்தில் நீர் பெண்கடலிலிருந்து ஆண்கடலுக்கு வரும், கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் திரும்பிப் போகும். இரண்டும் கலக்கத்தான் செய்கின்றன. வசனத்தின் பொருளை விரிவுரையாளர்கள் பலவிதமாகச் சொல்லியிருக்கிறார்கள். அதைத் தனுஷ்கோடியில் கட்டிப்போட்டு, யாரும் அறிந்திருக்க முடியாது என்று வாதிடுவது வசனத்துக்கும் நியாயமில்லை, கடலுக்கும் நியாயமில்லை.

ஆக, தஹத்தீ - அறைகூவல். முஆரளா (அறைகூவலை ஏற்று ஈடாகச் செய்ய முயல்வது) - எதிர்ப்படைப்பு. இஃஜாஸ் - நிகரியலாமை. நழ்ம் - சொற்கோப்பு. ஸர்ஃபாவுக்கு ‘மனந்திருப்பல்’ என்று குறித்து வைத்திருக்கிறேன், ஆனால் மனந்திரும்புதலை அது நினைவூட்டுகிறது. ‘முயல்வு தடுத்தல்’ எப்படி இருக்கும்? ஆலிம்களும் தமிழாசிரியர்களும் சொல்லுங்கள்.