எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நகைச்சுவைப் புதிர்ப் புத்தகம்: எதை வைப்பது, எதை விடுவது?

கெடிலக்கரை ஆசிரியை (கடலூர்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் நாங்கள் சிலர் சேர்ந்து, எட்டு முதல் பதினொரு வயது வரையுள்ளவர்கள் கோடை விடுமுறையில் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டே செய்யக்கூடிய புதிர்ப் புத்தகம் ஒன்றைத் தயாரித்து வருகிறோம். கடைகளில் கிடைப்பவற்றுள் பல, வெளிநாட்டுப் படங்களை அப்படியே வைத்துக்கொண்டு கேள்வியை மட்டும் தமிழாக்கியவையாக இருக்கின்றன. பனிமனிதனுக்கு வழிகாட்டச் சொல்கிறார்கள். ஓரத்தில் ஒரு கோமாளியை வரைந்துவிட்டால் நகைச்சுவை வந்துவிடும் என்றும் நம்புகிறார்கள். பிள்ளைகள் அந்தக் கோமாளியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. குறுக்கெழுத்துக் கட்டங்களை அமைக்கும்போது, ஒரு சொல்லிலிருந்து அடுத்த சொல்லைத் தொடங்க இடம் கிடைக்காமல் பாதியில் நின்றுவிடுகிறோம். இதற்கு வழி உண்டா? மேலும், நம் வட்டாரத்தைக் களமாகக் கொண்டு சிரிப்பும் யோசனையும் சேர்ந்து வரும் புதிர்களை எப்படி அமைக்கலாம்?

முத்தியால்பேட்டை வாசகர் (புதுச்சேரி) எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நல்ல வேலையைக் கையில் எடுத்திருக்கிறீர்கள்.

கட்டங்கள் சிக்கிக்கொள்வதற்குக் காரணம் நம் எழுத்துகளின் இயல்பு. தமிழ்ச் சொல் எதுவும் புள்ளி வைத்த மெய்யெழுத்தில் தொடங்குவதில்லை. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டு வரிசைகளிலும், டப்பா, ரயில், லட்டு போல வந்து சேர்ந்த சொற்களைத் தவிர, பிற சொற்கள் தொடங்குவதில்லை. அதேபோல் க், ச், ட், த், ப், ற் என்னும் வல்லின மெய்களில் தமிழ்ச் சொல் முடிவதும் இல்லை. ஆகவே ‘பட்டம்’ என்ற சொல்லை இடமிருந்து வலமாக எழுதினால், அதன் முதல் எழுத்திலிருந்துதான் கீழ்நோக்கி ஒரு சொல்லைத் தொடங்க முடியும். ‘ட்’ இருக்கும் கட்டம் இரண்டு சொற்களுக்கும் நடு எழுத்தாக அமைய வேண்டும். அங்கே ‘கட்டில்’ குறுக்கே இறங்கும். கடைசி ‘ம்’ கட்டத்தில் ‘பழம்’ மேலிருந்து வந்து முடியும். தொடக்கத்தில் தொடக்கத்தைப் பொருத்தாமல், நடுவில் நடுவையும் கடைசியில் கடைசியையும் பொருத்திப் பாருங்கள், கட்டங்கள் தாமாக விரியும்.

சிரிப்பு கோமாளிப் படத்தில் இல்லை என்பது முற்றிலும் சரி. விடை பிடிபடும் அந்த நொடியில்தான் அது பிறக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ‘கட்டில்’ என்பதற்கு ‘படுக்க உதவுவது’ என்று குறிப்பு கொடுத்தால் அது தேர்வுத்தாள். ‘நான்கு கால் உண்டு, நடக்காது, ஞாயிற்றுக்கிழமை காலையில் நம்மையும் நடக்க விடாது’ என்று கொடுத்துப் பாருங்கள். நம் விடுகதைகள் காலங்காலமாகச் செய்துவருவது இதைத்தான். தொல்காப்பியம் ‘பிசி’ என்று பெயரிட்டுச் செய்யுள் வகைகளுள் ஒன்றாகவே இதற்கு இடம் கொடுத்திருக்கிறது.

எழுத்தை எடுத்து விளையாடும் புதிர்களும் சிறுவர்களுக்கு மிகவும் பிடிக்கும். ‘மூன்றெழுத்துக்காரன் நான், என் முதலெழுத்தைப் பறித்தால் மண்ணுக்குள் போவேன், நடு எழுத்தைப் பறித்தால் பாட்டி வாயில் வருவேன், கடைசி எழுத்து மட்டும் மிஞ்சினால் பொங்கல் கொண்டு வருவேன்.’ விடை, கவிதை. இரண்டு கேள்விக்கு ஒரே விடை என்ற பழைய விளையாட்டையும் விட்டுவிடாதீர்கள்: ‘வாசலில் மிதிபடுவது எது? வீட்டில் அம்மா ஓயாமல் சொல்வது என்ன?’ இரண்டுக்கும் ‘படி’ என்பதே விடை.

முன்னும் பின்னும் ஒன்றாகவே படிக்கப்படும் சொற்களுக்குத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மாமா, தாத்தா, பாப்பா, காக்கா என்று வீட்டிலும் கூரையிலும் இருப்பவர்களைப் பிள்ளைகளே தேடிப் பிடிக்கட்டும். அம்மா மட்டும் ஏன் இந்தப் பட்டியலில் சேரவில்லை என்று கேட்டால் எழுத்தெண்ணிப் பார்ப்பார்கள். பக்கத்தின் அடியில், கொள்ளிடத்துக்கு அப்பால் உள்ள சீர்காழியில் பிறந்த திருஞானசம்பந்தர் பாடிய மாலைமாற்றின் முதல் அடியைக் கொடுங்கள்: ‘யாமாமாநீ யாமாமா யாழீகாமா காணாகா’. அடுத்த அடியையும் சேர்த்து வைத்துக் கடைசியிலிருந்து எழுத்து எழுத்தாகத் திரும்பி வந்தால் அதே பாட்டு கிடைக்கும். மூன்றாம் திருமுறையில் ஒரு பதிகம் முழுவதும் இப்படி இருக்கிறது என்று தெரிந்தால் பிள்ளைகள் வாய் பிளப்பார்கள்.

உப்பனாற்றுக்காரன் (கடலூர் முதுநகர்) எழுதியது:

வட்டாரக் களத்துக்கு என்னால் இயன்றதைச் சொல்கிறேன். பனிமனிதனை அனுப்பிவிட்டுப் பிச்சாவரத்துக்கு வாருங்கள். சுரபுன்னைக் காட்டுக்குள் பிரிந்து பிரிந்து ஓடும் கால்வாய்கள் இயற்கையே போட்டு வைத்த வழிப்புதிர். அங்கே தூக்குச் சட்டியை மறந்துவிட்டு வந்த படகுக்காரரிடம், சோறு ஆறுவதற்குள் அதைக் கொண்டு சேர்க்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள்.

ஆடு, புலி, புல்லுக்கட்டுக் கதையை உப்பனாற்றுக்குக் கொண்டுவரலாம். ஓடத்தில் ஓடக்காரரோடு நாய், பூனை, கருவாட்டுக் கூடை ஆகியவற்றுள் ஒன்றுக்குத்தான் இடம். நாயைப் பூனையோடும், பூனையைக் கருவாட்டோடும் தனியே விட முடியாது. ‘நாய்க்குக் கருவாடு பிடிக்காது’ என்ற வரியை மறவாமல் சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் கணக்கே கெட்டுவிடும். 7 முறை ஆற்றைக் கடந்தால் எல்லாம் அக்கரை சேரும். பூனை மட்டும் 3 முறை ஓடம் ஏறும். அதன் முகத்தை முறைக்கு முறை கடுப்பாக வரையச் சொல்லுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது குண்டு கிராமங்களின் கதை. 1690-ல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனியார் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரையுள்ள ஊர்களும் அவர்களுக்கே என்று பேச்சு. கற்பனை வரைபடம் ஒன்றில் கோட்டையையும் சில ஊர்களையும் குறித்து, கவராயத்தால் வட்டம் போட்டு எந்த ஊர் மாட்டிக்கொண்டது, எது தப்பித்தது என்று பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். எல்லைக்கோடு ஒருவருடைய மாட்டுத்தொழுவத்தின் நடுவே போனால் பால் யாருக்கு என்ற கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் எழுத நான்கு வரி விட்டுவையுங்கள். அதற்குச் சரியான விடை என்று ஒன்று வேண்டாம்.

அச்சுக்கூடத்து நண்பர் (புதுச்சேரி) எழுதியது:

தாளைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். உட்பக்கங்களுக்கு வழவழப்பான ஆர்ட் தாள் வேண்டாம், பென்சில் பிடிக்காது. 80 ஜிஎஸ்எம் (தாளின் எடையளவு) மேப்லித்தோ என்னும் வழவழப்பில்லாத தாளைப் போட்டால் அழித்து அழித்து எழுதினாலும் தாங்கும். நடுமடிப்பில் கம்பி தைக்கும் சென்டர் பின் அடித்தால் புத்தகம் விரித்தபடி நிற்கும், ஆனால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். விடைகளை அதே பக்கத்தில் தலைகீழாக அச்சிடாமல் கடைசியில் தொகுத்து வையுங்கள். கண்ணெதிரே விடை இருந்தால் எந்தப் பிள்ளையும் காத்திருக்காது.

கெடிலக்கரை ஆசிரியை (கடலூர்) எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ‘பட்டம்’, ‘கட்டில்’ இரண்டையும் வைத்து இன்று மாலையே ஒரு கட்டம் அமைத்துப் பார்க்கிறேன். எங்கள் வரைவில் குண்டான பையன், திக்கிப் பேசும் பெண், கறுப்பு நிறம் ஆகியவற்றை வைத்து எழுதப்பட்ட துணுக்குகள் சில இருந்தன. அவற்றை முழுவதுமாக நீக்க முடிவு செய்துள்ளோம். அப்படிப்பட்ட ஒரு பிள்ளை அந்தப் பக்கத்தைத் திறக்கும்போது பக்கத்திலிருப்பவர்கள் எல்லாரும் தன்னைத் திரும்பிப் பார்ப்பதை உணரும். கடுப்பான பூனையே எங்களுக்குப் போதும்.

உப்பனாற்றுக்கார அண்ணனிடம் ஒரு வேண்டுகோள்: குண்டு கிராமங்களுக்கான வரைபடத்தை, உள்ளங்கை அளவில் கோட்டு ஓவியமாக வரைந்து தர முடியுமா?