இன்-கைண்ட் கான்ட்ரிபியூஷன்: 'செய்பங்கு' எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

கூட்டுத் திட்டத்தில் ஒரு நாடு தன் பங்கைப் பணமாகத் தராமல் பொருளாகவோ வேலையாகவோ தருவதுதான் இன்-கைண்ட் கான்ட்ரிபியூஷன். அதற்கு நாம் தேடும் தமிழ்ச் சொல் பற்றிக் குழுவில் ஒருவர் கேட்டது:

> 'வகைப் பங்களிப்பு' போதுமே? பாடநூலுக்கு எளிதாக இருக்கும்.

போதாது. படிக்கிற மாணவர் 'எந்த வகை?' என்றுதான் கேட்பார். அடுத்து வந்த 'பொருள்வழிப் பங்களிப்பு' அதைவிட மேல். ஆனால் பொருள் என்றால் நமக்குச் செல்வமும்தான். பணமாகத் தராத ஒன்றைச் சொல்லும்போது அது இடறும்.

பல நாடுகள் சேர்ந்து நடத்தும் ஐட்டர் அணுக்கரு இணைவுத் திட்டத்தைப் பாருங்கள். உலை எழும்புவது தெற்கு பிரான்சில். இந்தியா 2005-இல் சேர்ந்தது. கட்டுமானத்தில் ஏறக்குறைய 9 சதவீதம் நம் பங்கு, அதில் பெரும்பகுதியை நாம் பணமாகக் கட்டுவதில்லை. உலையையே உள்ளடக்கும் கிரையோஸ்டாட் என்ற வெற்றிடக் கலன் குஜராத்தின் ஹசீராவில் துண்டு துண்டாகச் செய்யப்பட்டு, கப்பலேறிப் போய், அங்கே பெரும் பகுதிகளாகப் பற்றவைக்கப்பட்டது. சுமார் 30 மீட்டர் உயரம், 3,850 டன் எடை! வெறும் காசோலை அனுப்பியிருந்தால் அதைச் செய்யக் கற்ற கைகள் வேறு நாட்டில் இருந்திருக்கும். நாம் ஆக்கும் சொல்லில் இந்தச் செய்தல் தெரிந்தே ஆக வேண்டும்.

அதனால்தான் 'செய்பங்கு' என்கிறேன். வினைத்தொகை என்பதால் செய்த, செய்கிற, செய்யும் பங்கு மூன்றும் அதில் அடங்கும். ஆண்டுக்கணக்கில் நீளும் திட்டங்களுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. (ஒற்று மிகாது, 'செய்ப்பங்கு' வேண்டாம்.) பணமாகத் தருவது 'காசுப்பங்கு'. கல்வெட்டுகளில் காசாயம், நெல்லாயம் என்று வரி பிரிந்து நிற்பதும் இதே முறைதான். பல நாடுகள் சேர்ந்து அமைக்கும் எஸ்கேஏ வானொலித் தொலைநோக்கிக்கு இந்தியா எழுதும் கட்டுப்பாட்டு மென்பொருளையும் தயங்காமல் செய்பங்கு எனலாம்.

ஓர் இடத்தில் மட்டும் சிக்கல். மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலியில் அமையும் லைகோ-இந்தியா என்ற ஈர்ப்பலை ஆய்வகத்துக்கு உணர்கருவியின் பாகங்கள் அமெரிக்காவிலிருந்து வருகின்றன. அது அவர்களின் செய்பங்கு, சரி. கட்டடமும் வெற்றிட அமைப்பும் நம் செய்பங்கு, அதுவும் சரி. நிலம்? அதை யாரும் செய்யவில்லையே. 'இடப்பங்கு' என்று தனியே வைக்கலாம் என்று தோன்றுகிறது. மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

அப்புறம், ஐட்டரில் ஒவ்வொரு நாட்டின் செய்பங்கையும் மதிப்பிட நாணயம் அல்லாத தனி அலகு ஒன்று உண்டு. 1989 ஜனவரியின் ஆயிரம் டாலர்தான் அதன் அடிப்படை. அதற்குக் 'கணக்கலகு' என்று குறித்து வைத்திருக்கிறேன். கணக்கியல் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.