புதுப்பிப்பு: புத்தக அலமாரியில் ராமபாணப் பூச்சி, 3 வாரம் கழித்து

இலையுதிர் காலம் தொடங்கியதும் புத்தக அலமாரியில் வெள்ளி நிறப் பூச்சிகள் ஓடுகின்றன, பழைய புத்தகங்களின் அட்டையை அரித்துவிட்டன என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது நிலைமை எவ்வளவோ தேவலை.

காரணம் ஈரம்தான். குளிருக்காக ஜன்னல்களைச் சாத்தியே வைத்திருந்தோம். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரிக்குப் பின்னால் சுவர் வியர்த்துக் கிடந்தது. ஈரப்பதமானி 78 சதவீதம் காட்டியது. 75-க்கு மேல் போனால் இந்தப் பூச்சிக்குக் கொண்டாட்டம். அலமாரியை ஒரு சாண் தள்ளி வைத்தேன், தினமும் கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறந்தேன், ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் ஓடியது. இப்போது 50-க்குக் கீழே.

அப்புறம், நீங்கள் சொன்ன கண்ணாடி ஜாடிப் பொறி அருமை! வெளிப்பக்கம் காகித டேப், உள்ளே துளி மாவு. டேப்பைப் பிடித்து ஏறி உள்ளே விழுந்துவிடும். வழவழப்பான கண்ணாடியில் திரும்ப ஏற முடியாது. முதல் வாரம் 11, இந்த வாரம் ஒன்றுதான். அட்டைப் பெட்டிகளையும் அகற்றிவிட்டேன், அட்டையும் பசையும் அதற்குச் சாப்பாடு. அந்துருண்டை மட்டும் வைக்கவில்லை. வீட்டில் குழந்தை இருக்கிறது.

முட்டை பொரிய வாரக்கணக்கில் ஆகும் என்பதால் ஜாடியை இன்னும் 2 மாதம் எடுக்கப்போவதில்லை.