அனிமேயில் (ஜப்பானியக் கார்ட்டூன் படங்கள், தொடர்கள்) பார்த்த ஊர்களுக்குக் குடும்பத்தோடு போனவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே தொடங்கி வைக்கிறேன். என் மகளுக்குப் பதின்மூன்று வயது. ஜப்பானில் எந்தத் தெரு எந்தக் காட்சியில் வந்தது என்று மனப்பாடமாகச் சொல்வாள். அத்தைக்கு (என் மாமியார்) அனிமே என்ற சொல்லே புதிது. இந்த இரண்டு பேரையும் ஒரே பயணத்தில் கூட்டிக்கொண்டு போவது லேசான காரியம் இல்லை.

முதலில் டோக்கியோவுக்குத் தெற்கே உள்ள கடலோர ஊரான கமாகுரா. ‘ஸ்லாம் டங்க்’ என்ற கூடைப்பந்துத் தொடரின் தொடக்கப் பாடலில் நாயகன் ரயில்வே கேட் அருகே நிற்பான், ரயில் கடக்கும், எதிர்ப்புறம் அவன் விரும்பும் பெண் ஹருகோ கையசைப்பாள். 1993இல் தொடங்கிய தொடரின் அந்தச் சில நொடிகளுக்காக இன்றும் அங்கே கூட்டம் அலைமோதுகிறது. அந்த கேட்டைக் கடக்கும் எனோடென் என்பது பத்து கிலோமீட்டர் நீளமுள்ள ஒற்றைத் தண்டவாளப் பாதை. கமாகுரா கோகோமாயே நிலையத்தில் இறங்கினால் நடைமேடையில் நின்றபடியே கடலைப் பார்க்கலாம். அது உண்மையிலேயே அழகுதான். ஆனால் நாலெட்டு தள்ளி அந்த கேட்டுக்குப் போனால் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி நூறு பேர் நிற்கிறார்கள். சாலையில் இறங்காதீர்கள் என்று காவலாளிகள் ஓயாமல் விரட்டிக்கொண்டிருக்கிறார்கள். கொஞ்ச நேரம் பொறுமையாக நின்ற அத்தை, “இவ்வளவு ஜனம் காத்திருக்கிறதே, சாமி எப்போது வரும்?” என்று கேட்டார். சாமி வந்தது, இரண்டு பெட்டிகளோடு கடந்து போனது. மகள் படம் எடுத்துக்கொண்டாள், கிளம்பிவிட்டோம். அந்த ஊரில் வாழ்கிறவர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருந்தது.

மறுநாள் போன இடம்தான் நான் சொல்ல வந்தது. டோக்கியோவின் மேற்கே கொகானேய் பூங்காவுக்குள் எடோ-டோக்கியோ திறந்தவெளிக் கட்டடக்கலை அருங்காட்சியகம் இருக்கிறது. இடிபடவிருந்த பழைய வீடுகளையும் கடைகளையும் பிரித்தெடுத்து வந்து இங்கே மறுபடி கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். 1993இல் திறந்தது. அனிமே படங்களுக்குப் பேர்போன ஜிப்லி ஸ்டூடியோவும் இதே ஊரில்தான் இருக்கிறது. அருங்காட்சியகத்தின் சின்னத்தையே ஜிப்லியின் இயக்குநர் மியாசாகிதான் வரைந்து கொடுத்திருக்கிறார். 2001இல் வந்த, ஒரு மாயக் குளியலகத்தில் நடக்கும் அவருடைய ‘ஸ்பிரிட்டட் அவே’ படத்துக்கான தூண்டுதல்களில் பல இங்கிருந்து போனவை. (தைவானின் ஜியூஃபென் ஊர்தான் அந்தப் படம் என்று சுற்றுலாக்காரர்கள் விற்பதை நம்பாதீர்கள், மியாசாகியே அதை மறுத்துவிட்டார்.)

கொதகரா-யூ என்ற 1929ஆம் ஆண்டுப் பொதுக் குளியலகத்துக்குள் நுழைந்தோம். கோயில் முகப்பைப் போல வளைந்த கூரை, உள்ளே சுவர் முழுக்க ஃபூஜி மலை ஓவியம். ஆண்கள் பக்கத்தையும் பெண்கள் பக்கத்தையும் ஒரே ஆள் பார்த்துக்கொள்ளும்படி நடுவில் உயரமாக ஓர் இருக்கை. அத்தை அதைப் பார்த்து முகம் சுளித்தார். “கல்லாவில் உட்காருகிறவன் ஒழுங்கானவனாக இருக்க வேண்டுமே!”

அடுத்தது தகெய் சன்ஷோதோ என்ற எழுதுபொருள் கடை. தூரிகைகள் வைப்பதற்காகச் சுவர் முழுக்க, கூரையைத் தொடும் வரை, சின்னச் சின்ன மர இழுப்பறைகள். அத்தை உள்ளே கால் வைத்ததுமே, “இது நம் நாட்டு மருந்துக் கடை மாதிரி அல்லவா இருக்கிறது!” என்றார். மகள் அப்படியே நின்றுவிட்டாள். படத்தில் ஆறு கைகளோடு கொதிகலன் அறையில் வேலை செய்யும் கமாஜி தாத்தா அப்படிப்பட்ட இழுப்பறைகளிலிருந்துதான் குளியலுக்கான மூலிகைகளை எடுப்பார். படமே பார்க்காத பாட்டி அதைச் சொல்லிவிட்டார் என்பதில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிரவு விடுதியில் பாட்டியை உட்கார வைத்து முழுப் படத்தையும் காட்டினாள். பன்றிகளாக மாறிய பெற்றோர் விஷயத்தில் அத்தைக்கு இன்னும் சமாதானம் இல்லை.

முசாஷி-கொகானேய் நிலையத்திலிருந்து பஸ் இருக்கிறது. பொதுவாகத் திங்கட்கிழமை விடுமுறை. ஒவ்வொரு வீட்டிலும் காலணியைக் கழற்ற வேண்டும், நாடா கட்டும் ஷூ போட்டுக்கொண்டு போகாதீர்கள். சைவக்காரர்கள் கையில் புளியோதரை வைத்துக்கொள்ளுங்கள். உடோன் (தடித்த கோதுமை நூடுல்ஸ்) குழம்பு பெரும்பாலும் மீன் சாற்றில்தான் செய்யப்படுகிறது.

*

எங்கள் வீட்டில் ஜிப்லி எல்லாம் இல்லை, குறும்புக்காரச் சிறுவன் ஷின்-சானின் தொடர்தான். அதைத் தமிழில் கேட்டு வளர்ந்த என் பையனுக்கு, ஷின்-சான் குடும்பம் வாழும் கசுகாபே என்பது பக்கத்து ஊர் மாதிரி. டோக்கியோவிலிருந்து தோபு ரயிலில் போகலாம். சைத்தாமா மாநிலத்தில், வேலைக்குப் போய்வருகிறவர்கள் வசிக்கும் சாதாரண நகரம். நகராட்சி அந்தக் குடும்பத்தைச் சிறப்புக் குடியிருப்பாளர்களாகப் பதிவே செய்திருக்கிறது. பையன் ஒவ்வொரு மதில் சுவருக்குப் பின்னாலும் ஷின்-சானின் நாய் ஷிரோவைத் தேடினான். எனக்கோ அரை மணி நேரத்தில் கொட்டாவி வந்துவிட்டது.

அதே கசுகாபேவில் தரைக்கடியில் இருப்பதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆறுகள் பெருகினால் உபரி நீரைக் குழாய் வழியாக இழுத்து எடோ ஆற்றில் தள்ளும் மாபெரும் வடிகால் அது. சுமார் 50 மீட்டர் ஆழத்தில் 6.3 கிலோமீட்டர் சுரங்கம். பார்வையாளர்களை அழைத்துப்போகும் நீர்த்தொட்டி 177 மீட்டர் நீளம், 78 மீட்டர் அகலம். 18 மீட்டர் உயரக் கூரையை 59 தூண்கள் தாங்குகின்றன. நான் வேளச்சேரிக்காரன். 2015 டிசம்பரில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்றவன். அந்தத் தூண்களுக்கு நடுவே நின்றபோது வியப்பைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. பையன், “ஆக்‌ஷன் கமேன் இங்கேதான் சண்டை போடுவாரா?” என்று ஷின்-சானுக்குப் பிடித்த சூப்பர் ஹீரோவைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தான்.

முன்பதிவு அவசியம். லிஃப்ட் கிடையாது, நூற்றுக்கு மேல் படிகள் இறங்கி ஏற வேண்டும், முழங்கால் வலிக்காரர்கள் யோசியுங்கள். மழை கொட்டித் தொட்டியில் தண்ணீர் ஏறிவிட்டால் அன்றைய சுற்று ரத்து.

*

மேலே சொன்ன கமாகுரா நெரிசலுக்கு நேர் எதிரான ஓர் இடம்: ஷிகா மாநிலத்தில் தொயோசாதோ பழைய தொடக்கப்பள்ளி. 1937இல் வோரீஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. இடிக்கக் கிளம்பிய நகரத் தலைவரை எதிர்த்து ஊர் மக்கள் நீதிமன்றம் வரை போய் அதைக் காப்பாற்றினார்கள். 2009இல் வந்த, பள்ளி இசைக்குழுப் பெண்கள் தேநீர் குடித்தபடி பொழுதைக் கழிக்கும் ‘கே-ஆன்’ தொடரின் பள்ளிக்கூடம் அதை மாதிரியாக வைத்து வரையப்பட்டது. ரசிகர்கள் மேலே இசை அறையில் தேநீர்க் கோப்பைகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். என் மனைவிக்கு அது எதுவும் பிடிபடவில்லை, ஆனால் படிக்கட்டுக் கைப்பிடியை விட்டு நகர மறுத்துவிட்டாள். கீழிருந்து மேல்மாடி வரை முயல்-ஆமை பந்தயக் கதையை வெண்கல உருவங்களாகப் பதித்திருக்கிறார்கள். எங்கள் நான்கு வயதுக்காரி ஒவ்வொரு ஆமையையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த படி ஏறினாள். அனுமதி இலவசம்.

ஹிகோனேயிலிருந்து ஒமி ரயில் போகிறது. அடிக்கடி கிடையாது, திரும்பும் ரயிலின் நேரத்தைப் பார்த்துக்கொண்டு உள்ளே போங்கள்.